சென்னை முழங்காலா, நம் நாட்டு முழங்காலா? மாமியின் கதிரையும் சித்தப்பாவின் கணக்கும்

வணக்கம் உறவுகளே, இலங்கையின் மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து நான்தான். இன்றைக்கு நண்டுக் குழம்பு இல்லை. கோபத்தோடு அடுப்பில் நின்றால் எனக்கு உப்புக் கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்த விசயம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. குரல் பதிவு என்றாலே எனக்கு ஆகாது. அதிலும் இது கனடாச் சித்தப்பாவின் பதிவு. "மாமிக்கு ஏன் இங்கே முழங்கால் மாற்றினீர்கள்? இந்தியாவில் 54,000 ரூபாதானே!" என்கிறார். உடனே ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த 54,000 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு முழங்காலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டுக்கு, அதாவது இம்பிளாண்டுக்கு, உச்ச விலை நிர்ணயித்தது. கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்ததற்கு 54,720 ரூபா, வரி தனி. அதற்கு முன்னர் அதே பொருள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போனது. நல்ல வேலை செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சித்தப்பா, அது இந்திய ரூபா! நம் காசில் இரண்டு இலட்சத்தை நெருங்கும். அதுவும் ஒரு காலுக்குள் வைக்கும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து, அறை, கூடப் போகிறவரின் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்கு வெளியே. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முழங்கால் மாற்றுகிறார்கள் என்றும் சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் அந்த அட்டை அந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கு உரியது, நமக்கு இல்லை.

மாமிக்கு இங்கே அரசாங்க வைத்தியசாலையில் நடந்தது. சத்திரசிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் காத்திருப்பு இருக்கிறது. சீனி கூடியிருக்கிறது என்று ஒருமுறை திருப்பி அனுப்பியபோது மாமி மூன்று வேளை சாப்பிடாமல் இருந்து காட்டினார். அனுப்பியது சரிதான். சீனி கட்டுக்குள் வராமல் வெட்டினால் கிருமி பிடிக்கும் ஆபத்துக் கூடும், கிருமி பிடித்த செயற்கை மூட்டைச் சில வேளை கழற்றவே வேண்டிவரும்.

இனி கதிரைக் கதை. முன்பு போட்ட காணொளியில் எங்கள் கழிவறையைப் பார்த்திருப்பீர்கள், கொமட் மிகவும் தாழ்வு. முழங்கால் மாற்றியவர் அதில் இருந்து எழும்ப முடியாது. மேலே வைக்கும் பிளாஸ்டிக் இருக்கைக்குக் கொழும்பில் ஒரு கடை 18,000 கேட்டது. பதினெட்டாயிரம்! ஓட்டை போட்ட பிளாஸ்டிக்குக்கு! நான் ஆரையம்பதியில் ஒரு தச்சரிடம் போனேன். பழைய தேக்குக் கதிரையின் நடுவை அறுத்து, விளிம்பை மினுக்கி, இரண்டு பக்கமும் கைபிடி உயர்த்தி 4,500 ரூபாவுக்குத் தந்தார். மாமி இரண்டு கையையும் ஊன்றி எழும்பியபோது நான் கைதட்டினேன். அவருக்கு வெட்கம், கதவைச் சாத்து என்று கத்தினார். கதிரைக் கால்களுக்கு றப்பர் போட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். கட்டாயம் போடுங்கள், ஈரத் தரையில் மரம் வழுக்கும். றப்பர் அந்தக் காசுக்குள்தான்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். கல்முனையில் இருக்கும் என் மச்சாளின் அம்மா சென்னையில்தான் செய்தார், இரண்டு காலும் ஒரே நாளில். அங்கே அப்படிச் செய்வது மேல்நாடுகளைவிட அதிகம். ஒரே மயக்கம், ஒரே படுக்கை. ஆனால் இருதயத்துக்குச் சுமை அதிகம், இரத்த இழப்பும் அதிகம். மாமிக்கு இருதய வருத்தம் இருப்பதால் ஒன்று முடிந்து மற்றது என்று எங்கள் வைத்தியர் சொல்லிவிட்டார்.

சென்னையிலிருந்து விமானம் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கல்முனைக்கு வேன் ஏழு மணித்தியாலத்துக்கு மேல்! புதிதாக வெட்டிய இரண்டு காலையும் நீட்ட இடமில்லாமல் வந்தார். இரத்தக் கட்டி வராமல் இருக்க அசைந்துகொண்டே இருக்க வேண்டிய நேரம் அது. வந்து கொஞ்ச நாளில் இடது முழங்கால் சிவந்து சுட்டது. இங்குள்ள வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே என்ன வைத்தார்கள்?" மச்சாள் பில்லைக் காட்டினாள். ஒற்றை வரி, "இம்பிளாண்ட்", தொகை. அவ்வளவுதான். அந்த 2017 உத்தரவிலேயே உற்பத்தியாளர், வர்த்தகப் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) எல்லாம் பில்லில் தனியாக எழுத வேண்டும் என்று இருக்கிறது. எழுதவில்லை. மச்சாளும் கேட்கவில்லை. யார் கேட்கிறோம்? (நல்லவேளையாக அது தையலோடு நின்ற தொற்று, ஆழத்துக்குப் போகவில்லை.)

மாமியின் கோப்பில் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கின்றன. தொடை எலும்பு முனைக்கு ஒன்று, கீழெலும்புத் தட்டுக்கு ஒன்று, இடையில் இருக்கும் பொலிஎதிலீன் பிளாஸ்டிக் துண்டுக்கு ஒன்று, எலும்புச் சீமெந்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அளவும் தொகுதி எண்ணும். நான் அன்றைக்கே படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பி வைத்தேன். பத்து வருடம் கழித்து அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற வேண்டிவந்தால் அந்த எண்தான் வேண்டும்.

"சென்னையில் நூற்றுக்கு 98 வெற்றி" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: மாற்றிய மூட்டுகள் எத்தனை வருடம் தாங்கின என்று எழுதி வைக்கும் எந்தப் பதிவேட்டில்? மாற்றிய முழங்கால் 25 வருடம் தாங்குவது நூற்றுக்கு 82 என்ற கணக்கு 2019 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அது அவுஸ்திரேலியா, பின்லாந்துப் பதிவேடுகளின் கணக்கு. அவர்கள் பாயில் சம்மணம் போட்டு இருந்து சோறு சாப்பிடுகிறவர்களா? இந்தியாவில் மூட்டு நிபுணர்களின் சங்கம் நடத்தும் பதிவேடு இருக்கிறது, ஆனால் விரும்பிய வைத்தியர்கள் மட்டும் பதிகிறார்கள். ரோபோவால் செய்கிறோம் என்று விளம்பரம் வேறு. ரோபோ வெட்டைச் சரியான கோணத்தில் வைக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதனால் நோவு குறைந்தது, நடை கூடியது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் வரவில்லை. அதற்கு மேலதிகக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கே செய்தாலும் பிறகு வீட்டில் பயிற்சி. சுருட்டிய துவாயைக் குதிக்காலின் கீழ் வைத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். மாமி மூன்றிலேயே விட்டுவிட்டு ஐந்து என்பார். மடிப்பை அளக்க மகனின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்தேன். நேற்று 95 பாகை வந்தது. மகன் 92 என்கிறான். அவன் பாகைமானியைச் சாய்த்துப் பிடிக்கிறான், நான் நேராகத்தான் பிடித்தேன்.