பனியும் பனையும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இடம் தந்த பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, உடம்பு முடியாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்.’ பனி, பறவை, பனை, இம்மூன்றைப் பற்றியும் பேச வந்தேன்.

வேலூர் என்றால் வெயில் என்பார்கள். மாசி விடியலைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். மழைக்காலம் போய் வானம் வெளுத்துவிட்டது. பகலில் வாங்கிய சூட்டை நிலம் ராத்திரியில் விட்டுவிடுகிறது. ஏரியிலும் கழனியிலும் இன்னும் ஈரம் இருக்கிறது. அதுதான் பனியாக இறங்குகிறது.

எனக்கு ஒன்பது வயது. ஆயா தலையில் முள்ளுக்கத்திரிக்காய்க் கூடை. வேலூர் மார்க்கெட்டுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க ஏரிக்கரை மேலே போகிறோம். நீட்டிய கை தெரியாத பனி! ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஆயா என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு பனைமரத்தையும் கையால் தொட்டு, “ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினாலாவது மரத்தில் நின்று, “இங்கதான்டா எறங்கணும்” என்றாள். இறங்கினோம், காலடியில் பஸ் ரோடு! ‘மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’, ஆனால் என் ஆயாவின் கணக்கைத் துளைக்கவில்லை. அந்தக் கரையில் இருபத்திரண்டு மரம். போன மாதம் போய் எண்ணினேன். ஏழு. மற்றதெல்லாம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது.

பறவைக்கு வருகிறேன். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் பங்குனி தாண்டினால் வடக்கே கிளம்பிவிடும், அதற்குப் போக்கிடம் உண்டு. பனை உழவாரன் எங்கே போகும்? பனையோலையின் அடியில் எச்சிலால் கூட்டை ஒட்டி வைத்து வாழ்கிற சின்னக் குருவி அது. ஓலை போனால் அதற்கு வீடில்லை.

பனை நம் மாநில மரம். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். ஆனால் எத்தனை மரம் இருந்தது என்ற கணக்கே ஊரில் இல்லாதபோது, வெட்டியதை யார் கேட்பது? தலைவர் அம்மா, அடுத்த கிராமசபையில் இந்தக் கணக்கைத் தீர்மானமாக ஏற்றித் தர வேண்டும், கைகூப்பிக் கேட்கிறேன்.

நாளை விடியற்காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். சுண்ணாம்பு வாளியோடு நிற்பேன். பிள்ளைகள் எண்ணட்டும், நான் மரத்தில் எண் போடுகிறேன். பனி இருக்கும், தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வாருங்கள்.