வகுத்தல் எளிது, வகுக்கும் எண்கள்தான் சிக்கல்

வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சிறு பட்டறையின் உற்பத்தித்திறனைக் கணக்குப் பார்க்கச் சொன்னால் என்ன செய்வோம்? ஆண்டு விற்பனையில் மூலப்பொருள் செலவைக் கழித்து, மிச்சத்தை வேலையாட்களின் எண்ணிக்கையால் வகுப்போம். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இதை 1990களின் ரஷ்யாவுக்குக் கொண்டுபோனால் தொகுதியும் நிற்காது, பகுதியும் நிற்காது.

அங்கே 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான விலைக்கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி சுமார் 26 மடங்கானது. ஜனவரியில் மேசை விற்று வந்த ரூபிளையும் டிசம்பரில் விற்று வந்த ரூபிளையும் ஒன்றாகக் கூட்டி "ஆண்டு விற்பனை" என்று எழுதினால், அது எந்த மாதத்து ரூபிள்? அதன்பின் பணவீக்கம் தணிந்தும் தொல்லை தீரவில்லை, ஏனென்றால் கையில் காசில்லாமல் பண்டமாற்று பெருகிவிட்டது, சரக்குக்குச் சரக்கு கொடுக்கும்போது புத்தகத்தில் எழுதிய விலை சந்தை விலையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

சரி, ஆட்களையாவது எண்ணலாமே என்றால், பதிவேட்டில் ஏறாத ஆட்கள் உண்டு. ஏறியவர்களுக்கும் ஏட்டில் குறைந்தபட்சச் சம்பளம், மீதி உறையில் போட்டுக் கையில் கொடுப்பது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு தந்திரம். ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் மேம்பாட்டு வங்கியும் உலக வங்கியும் சேர்ந்து 1999 முதல் ரஷ்யா, போலந்து போல அரசுத் திட்டப் பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளின் நிறுவனங்களிடம் கணக்கெடுப்பு நடத்தின. முதலாளியிடம் "நீ எவ்வளவு மறைக்கிறாய்?" என்று கேட்டால் யார் சொல்வார்? அதனால், "உங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கமான நிறுவனம் தன் விற்பனையில் எத்தனை சதவீதத்தை வரிக்குக் காட்டும்?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டால் தன் வீட்டுக் கதை தானே வந்துவிடும்! ஆனாலும் அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்து விற்பனையை உயர்த்திக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அவர் கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்ன விற்பனை, வரிக்குக் காட்டியதா, உண்மையானதா என்பதே நமக்குத் தெரியாதே.

எனக்கு நம்பிக்கை இருப்பது எண்ணிப் பார்க்கக்கூடியவற்றில்தான்: ஒரு ஷிப்டில் எத்தனை நாற்காலி, தையல் இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது. இதிலும் ஓட்டை உண்டு, மட்டமான நாற்காலியும் ஒரு நாற்காலிதானே.

இன்னொன்று. 1990களில் போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய விளையாட்டு அரங்கம் பெரிய திறந்தவெளிச் சந்தையாக இருந்தது. அங்கே தனியாளாக ஒரு மேசை போட்டுத் துணி விற்றவர்களின் வியாபாரம் எந்தப் பட்டியலில் வரும்? அந்தக் கணக்கெடுப்பின் பிந்தைய சுற்றுகளில், பதிவு பெற்று குறைந்தது 5 பேர் வேலை செய்தால்தான் கதவையே தட்டுவார்கள்.