நண்டின் ரத்தத்தில் யார் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நண்டுக்கும் இறாலுக்கும் ரத்தம் உண்டா? சிவப்பாக எதுவும் வடிவதில்லை என்பதால் பலரும் இல்லை என்றே நினைக்கிறார்கள். தண்ணீர் போல வடிகிறதே, அதுதான் ரத்தம். காற்றுப் பட்டால் லேசாக நீலம் ஏறும். செம்பைக் கொண்டு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் என்ற புரதத்தின் நிறம் அது. அந்தப் புரதம் எந்த அணுவுக்குள்ளும் அடைபட்டில்லை, ரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது. சுமை தூக்கும் வேலை இல்லாததால், இவற்றின் ரத்த அணுக்களுக்கு முழுநேரக் காவல் வேலைதான்.

அவற்றைப் பார்ப்பதே பெரும்பாடு. முதன்முறை ஓர் இறாலிடமிருந்து ஊசியில் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியைத் திருகி முடிப்பதற்குள் துளி கட்டிதட்டிவிட்டது. உறையாமல் தடுக்கும் கரைசலைக் குளிரவைத்து ஊசியில் முன்பே ஏற்றியிருக்க வேண்டும். நான் ஏற்றவில்லை. வெளியே வந்த கணமே சிதறும் இவற்றை 1892-லேயே பிரிட்டிஷ் உயிரியலாளர் வில்லியம் ஹார்டி 'வெடிக்கும் அணுக்கள்' என்று எழுதிவைத்திருந்தார். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை! அணு உடைந்ததும் ஒரு நொதி வெளியேறி, ரத்த நீரிலுள்ள உறைபுரதத்தை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. இவற்றின் ரத்தம் குழாய்களோடு நிற்காமல் உடலின் இடைவெளிகளில் எல்லாம் பாய்வது. கால் ஒடிந்த இடத்தில் அடைப்பு விழத் தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

அணுக்களில் மூன்று வகை சொல்வது வழக்கம். துகள்கள் ஏறக்குறைய இல்லாத தெளிந்த அணு, கொஞ்சம் துகள் கொண்ட அரைத்துகள் அணு, துகள் நிரம்பிய துகளணு. நன்னீரில் வாழும், இறாலைப் போன்ற கிரேஃபிஷில் தெளிந்த அணு கிருமியை விழுங்கும். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக வருவதை அரைத்துகள் அணுக்கள் சூழ்ந்து பொதிந்துவிடும். துகளணு, மெலனின் என்ற கருநிறமியை உண்டாக்கும் நொதியின் முன்வடிவத்தைச் சேமித்து வைத்திருக்கும். காயம்பட்ட ஓட்டில் கரும்புள்ளி பார்த்திருப்பீர்களே, அந்த நொதியின் கைவரிசைதான் அது. இந்தப் பிரிவினையில் எனக்கு முழுத் திருப்தி கிடையாது. எத்தனை துகள் இருந்தால் அரை, எத்தனை இருந்தால் முழு? விலங்குக்கு விலங்கு எல்லை நகர்கிறது. ஒரே அணுவை இரண்டு ஆய்வுக்கூடங்கள் இரண்டு பெயரில் அழைத்ததும் உண்டு.

அணு கிருமியை விழுங்குவதைக் காட்டிக்கொடுத்ததிலும் இந்த இனத்துக்குப் பங்குண்டு. 1884-ல் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகோவ், நண்டு, இறாலின் உறவான, கண்ணாடிபோல் உடல் கொண்ட டாஃப்னியா என்ற சிற்றுயிரிக்குள் ஊசிமுனை போன்ற ஈஸ்ட் வித்துகள் குத்தி நுழைவதையும், ரத்த அணுக்கள் அவற்றை மொய்ப்பதையும் உயிரோடு பார்த்து எழுதினார்.

சரி, இவை பிறப்பது எங்கே? எலும்பே இல்லாத உயிரிடம் எலும்பு மஜ்ஜையைத் தேட முடியாது. கிரேஃபிஷின் இரைப்பை மேல் மெல்லிய விரிப்பு போல ஒரு திசு படர்ந்திருக்கிறது. அங்கேதான் அணுக்கள் பிறக்கின்றன. ரத்தத்துக்கு வந்தபிறகு அவை பிரிந்து பெருகுவது மிக அரிது. அதனால் கிருமி தாக்கினால் அணு எண்ணிக்கை மடமடவென்று சரியும்; அந்த விரிப்புதான் ஈடுகட்ட வேண்டும். பெருகச் சொல்லித் தூண்டும் அஸ்டகைன் என்ற புரதத்தை உப்சாலா பல்கலைக்கழகத்தின் ஸோடர்ஹால் குழுவினர் 2005-ல் வெளியிட்டார்கள். இறாலைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் தொற்றும் திசுக்களில் இந்தப் பிறப்பிடமும் ஒன்று.

2014-ல் வந்த ஒரு சேதி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வளர்ந்த கிரேஃபிஷின் மூளையில் புதிதாக நரம்பணுக்கள் தோன்றுவது முன்பே தெரியும். அவற்றின் மூலத்தைத் தேடிப்போனவர்கள் வந்து நின்ற இடம், மூளை இல்லை, ரத்தம். ஒரு கிரேஃபிஷின் ரத்த அணுக்களுக்கு அடையாளமிட்டு வேறொன்றுக்குள் செலுத்தினார்கள். சில வாரங்கள் கழித்து, அதே அடையாளத்தோடு மூளைக்குள் நரம்பணுக்கள் இருந்தன.

வணக்கம்.