டோபமின் என்னும் சேதி

நேயர்களுக்கு வணக்கம். மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இடையில் மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. மின்துடிப்பு நுனிவரை ஓடிவரும். அங்கே சின்னஞ்சிறு பைகள் திறந்து ஒரு வேதிப்பொருளைக் கொட்டும். அது அக்கரையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டும். சேதி சேர்ந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு வேதிப்பொருள்தான் டோபமின். 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற ஆய்வாளர் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்துப் பார்த்தார். நம் சர்ப்பகந்தி வேரில் உள்ள மருந்துதான் அது. அது மூளையில் டோபமினைக் குறைத்துவிடும். முயல்கள் காது தொங்கி, அசைவில்லாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. உடம்புக்குள் எல்-டோபா டோபமினாக மாறுகிறது. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்ற ஆய்வாளர், கை நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டினார். அடுத்த ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா ஏற்றினார்கள். படுக்கையில் எழுந்து உட்காரக்கூட முடியாதவர்கள் நடந்தார்கள்! மருத்துவ வரலாற்றில் என்னை இவ்வளவு நெகிழவைத்த நிகழ்ச்சி வேறில்லை. இன்றைக்கும் எல்-டோபாதான் இந்நோய்க்கு முதன்மை மருந்து.

சரி, நோய் தீர்ந்ததா? இல்லை. மாத்திரை சேதியைத் தருகிறது. சேதி அனுப்பும் செல்கள் சாவதைத் தடுப்பதில்லை. அந்தச் செல்களின் நுனியில் ஆல்ஃபா-சினுக்ளின் என்ற புரதம் இயல்பாகவே உண்டு. அது மடிப்பு தவறித் திரண்டுவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் சில நோயாளிகளின் மூளையில் இளம் செல்களைப் பொருத்தியிருந்தார்கள். அவர்கள் இறந்தபின் பரிசோதித்தபோது, அந்தப் புதுச் செல்களுக்குள்ளும் அதே திரட்டுகள் இருந்தன. 2008-இல் இது வெளியானது. நோய்ப்புரதம் செல் விட்டுச் செல் பரவுகிறது என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. அந்தப் பரவலைத் தடுக்கும் மருந்துக்கான ஆய்வுகள் நடந்துவருகின்றன.

வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. நடை தளர்ந்து, கையெழுத்து சிறுத்து, ஒரு கை மட்டும் நடுங்கினால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், பூனைக்காலி விதையிலும் எல்-டோபா இருக்கிறது. அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர் அந்தப் பொடியைத் தானாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மருந்தின் அளவு கூடிவிடும். பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரத உணவோடு மாத்திரையை விழுங்கினால் சிலருக்கு அது சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நன்றி.