புரிந்துவிட்டது என்ற நினைப்புதான் ஆபத்து

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இணையத்தில் ஆங்கில உரையாடல் குழம்பிப்போவதற்குப் பெரிதும் காரணம் தாய்மொழியாளரின் வட்டார வழக்கா, கற்றுப் பேசுவோரின் பிழையா என்பது தலைப்பு. வட்டார வழக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "இலக்கணத்தை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு எழுதினால் யாருக்குப் புரியும்?" என்று கேட்டார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கற்றவர் செய்யும் பிழை கண்ணுக்குத் தெரியும். 'யெஸ்டர்டே ஐ கோ' என்று ஒருவர் எழுதினால், படிப்பவருக்கு உடனே உறுத்தும். "நேற்றே போய்விட்டீர்களா?" என்று ஒரு வரி கேட்டால் தீர்ந்தது. வட்டார வழக்கில் அந்த உறுத்தல் வராது. இலக்கணம் சுத்தமாக இருக்கும், சொற்களும் தெரிந்த சொற்களாகவே இருக்கும், பொருள் மட்டும் வேறு. எழுதியவர் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறார், படித்தவர் புரிந்துவிட்டது என்று நினைக்கிறார். அப்புறம் யார் யாரைக் கேட்பது?

எனக்கே இது நடந்தது. தென்னாப்பிரிக்கர் ஒருவரோடு இணையம் வழியாக வேலை செய்தேன். ஒரு கோப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. "ஐ வில் செண்ட் இட் ஜஸ்ட் நௌ" என்று பதில் போட்டார். இதோ வருகிறது என்று திரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தும் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் என்று முடிவு கட்டி, கடுமையாக எழுதிவிட்டேன். அவர் நாட்டில் 'ஜஸ்ட் நௌ' என்றால் 'அப்புறம், கொஞ்சம் கழித்து' என்று பொருள். சீக்கிரம் என்பதற்கு அவர்கள் 'நௌ நௌ' என்பார்கள். அது தன் நாட்டு வழக்கு என்பது அவருக்கே அதுவரை தெரியாது. நேர்மையான ஒரு மனிதரைப் பொய்யர் என்று நினைத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் சிக்ஸ்' என்று நேரம் குறித்தால் ஆறரை மணி. அதைத் தன் மொழி வழக்கில் வாசிக்கும் ஜெர்மானியருக்கு அது ஐந்தரை. பிழை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

"இன்னும் நன்றாகப் படித்தால் இதெல்லாம் வராது" என்கிறது எதிரணி. சரி, ஆங்கிலத்தைப் பிறந்ததிலிருந்து பேசும் இருவரையே எடுத்துக்கொள்வோம். 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆற்றங்கரை. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய சீனப் படையிடம் பிரிட்டிஷ் படை சிக்கிக்கொண்டது. நிலைமை எப்படி என்று கேட்ட அமெரிக்கத் தளபதியிடம் பிரிட்டிஷ் தளபதி பிரோடி, "எ பிட் ஸ்டிக்கி" என்றார். பிரிட்டிஷ் பேச்சில் அதற்குப் பொருள், உயிர் போகிற நெருக்கடி. அமெரிக்கரின் காதில் அது 'கொஞ்சம் சிரமம், சமாளிக்கலாம்' என்று விழுந்தது. ராணுவ வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. அந்தப் பிரிட்டிஷ் படையின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். குரலைக் கேட்டே இப்படி என்றால், முகமும் குரலும் இல்லாத எழுத்து அரட்டையில் என்ன ஆகும்?

எதிரணியின் வலுவான வாதம் ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று இந்தியர் எழுதினால், ஒரு கேள்வி இருக்கிறது என்று பொருள். அமெரிக்கர் அதை 'உங்களை நம்பவில்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வட்டார வழக்குதான், அதுவும் குழப்பும். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். இந்தியரிடம் "உங்கள் ஆங்கிலம் தவறு" என்பார்கள். 'குவைட் குட்' என்று பிரிட்டிஷ்காரர் எழுதி, 'பரவாயில்லை ரகம்' என்ற அவர் கருத்தை மற்றவர் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டால், "நீங்கள் இன்னும் ஆங்கிலம் கற்க வேண்டும்" என்பார்கள். இரண்டு இடத்திலும் குற்றவாளி கற்றவர்தான்! மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டலின் மதிப்பீட்டில், தாய்மொழியாகப் பேசும் ஒருவருக்கு மூன்று பேர் கற்றுப் பேசுகிறவர்கள். அந்த மூன்று பேரும் ஒருவருடைய ஊர்ப் பேச்சை ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த மரபுத்தொடரை எடுத்துப் பேசுவதால் வரும் சிக்கலை, வியன்னா மொழியியலாளர் பார்பரா சைடில்ஹோஃபர் ஆராய்ந்து அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார். வானத்தில் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-இல் ஏற்ற மொழித்திறன் விதிகள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட விமானிகளுக்கும் சேர்த்தே போடப்பட்டவை. அவர்களுடைய வட்டார உச்சரிப்பும் உலகத்துக்குப் புரிய வேண்டும் என்று கேட்கிற விதிகள் அவை.

அந்தத் தென்னாப்பிரிக்க நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். இப்போது கோப்பு எப்போது வரும் என்றால் '18:30' என்று எழுதுகிறார், யாருடைய கடிகார நேரம் என்பதையும் சேர்த்து. நானும் 'டவுட்' என்று எழுதுவதை விட்டுவிட்டு 'கொஸ்டின்' என்று எழுதுகிறேன். எங்கள் இருவரில் இலக்கணப் பிழை செய்தவர் யார் என்று எதிரணி நண்பர்கள் சொல்லட்டும், நடுவர் அவர்களே. அமர்கிறேன். நன்றி, வணக்கம்.