பழையதை எடுத்தால்தான் பிழைப்போம்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் கோவில் மண்டபத்தில் மழையையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். 'கணினி இயங்குதளத்தில் பழைய வசதிகளை நீக்குவது நமக்கு நன்மையே' என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, தோட்ட ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர், படும் பாட்டைச் சொன்னார். பழைய நகல் இயந்திரத்தில் சம்பளப் பட்டியலை வைத்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் நேராகக் கணினி ஃபோல்டரில் போய் விழுமாம். புதுக் கணினி வந்த பிறகு விழவில்லையாம். விண்டோஸ்தான் கெடுத்ததாம். நல்ல கைதட்டல்!

அக்கா, அந்தப் பழைய இயந்திரங்கள் பலவும் கணினியோடு பேசியது எஸ்எம்பி 1 வழியாக, அதாவது வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் பழைய முறை வழியாக. அது 1980களில் பிறந்தது. அனுப்புவதைப் பூட்டி அனுப்பத் தெரியாதது. இதைக் கைவிடப் போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் 2014லேயே சொல்லிவிட்டது. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கணினிக் கிருமி வந்தது. எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தானாகவே தாவியது. கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைத்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், ஃபோல்டரைப் பிறருக்குத் திறந்துவிடும் எஸ்எம்பி 1 பகுதி தானாக நிறுவப்படவில்லை. அப்போதும் அடியோடு பிடுங்கவில்லை. வேண்டும் என்பவர் விண்டோஸ் வசதிகள் பட்டியலில் டிக் அடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

எதிரணித் தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது நம்மவர்களைத் தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு அனுப்பினார்களே, அது மாதிரிதான் இதுவும் என்றார். அதற்கு நானும் கைதட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, நம் தாத்தா பாட்டிக்கு இத்தனை வருஷம் முன்னாலேயே யார் சொன்னார்கள்? விண்டோஸோடு வந்த வேர்ட்பேட் என்ற எழுதும் செயலியை எடுக்கப் போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள், அடுத்த வருஷம்தான் எடுத்தார்கள். அதில் எழுதிய கடிதங்களை இலவச லிப்ரே ஆபீஸ் மென்பொருளே திறந்துவிடும். படம் வரையும் பெயிண்டையும் 2017இல் கைவிடும் பட்டியலில் போட்டார்கள். ஜனங்கள் சத்தம் போட்டார்கள், பெயிண்ட் இன்னும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத நல்ல கணினிகளும் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லாமல் போயின. அது அநியாயம்தான். ஆனால் அது வன்பொருள் வழக்கு, நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு வசதிகளைப் பற்றியது.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கிராணி ஆபீஸ் கணினியில் எஸ்எம்பி 1ஐ இன்றைக்கே திறந்துவிட்டால், உங்கள் வங்கிக் கணக்கு எண் உள்ள சம்பளப் பட்டியலை அதில் வைக்கச் சம்மதிப்பீர்களா?