பெண்கள் ஓட்டத்தில் யார் ஓடலாம்?

நேயர்களுக்கு வணக்கம். மதுரை மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெண் பிள்ளைகளை ஓட வைத்ததுதான் என் பிழைப்பு. பெண்கள் போட்டியில் யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்று உலகமெல்லாம் சண்டை நடக்கிறதே, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ட்ராக் ஓரத்தில் நின்று பார்த்தவளுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில், பெண்களுக்கென்று தனிப் போட்டி எதற்கு? 800 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களில் உலக சாதனை கென்யாவின் டேவிட் ருடிஷாவுடையது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடினார். பெண்களில் 1983-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் க்ராடோச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. இந்த இரண்டு பேரையும் ஒரே ட்ராக்கில் விட்டுப் பாருங்கள். ருடிஷா கோட்டைத் தொடும்போது அந்த அம்மா கடைசி வளைவை விட்டு அப்போதுதான் வெளியே வருவார். கணக்குப் போட்டால் 87 மீட்டர் இடைவெளி. பயிற்சியால் அடைக்கக்கூடிய இடைவெளி இல்லை இது.

இதற்குப் பெரிய காரணம், பருவ வயதில் ஆண் உடம்பில் ஏறும் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன். பெண்களின் ரத்தத்தில் அது பெரும்பாலும் லிட்டருக்கு 2 நானோமோலுக்குக் கீழேதான். ஆண்களுக்குத் தொடக்கமே 7-க்கு மேல். தசையும் எலும்பும் ரத்தச் சிவப்பணுவும் அதற்கேற்ப கூடுகின்றன. ஆகவே தனிப்பிரிவு வேண்டும், அதற்கு ஒரு வரம்பும் வேண்டும். அது இல்லையென்றால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை மாநிலப் போட்டிக்குப் போய், சர்டிபிகேட் வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ரயில்வே வேலைக்குப் போவது கனவிலும் நடக்காது. "எல்லாரும் ஒன்றாக ஓடட்டுமே" என்று சொல்கிறவர்கள் வெயிலில் ஒருநாள் விசிலோடு நின்றிருக்க மாட்டார்கள்.

அந்த வரம்பின் மேலேயே சில பெண்கள் பிறந்துவிடுகிறார்கள். இடைப்பாலினத்தவர் என்கிறோம். பிறந்தபோது பெண் குழந்தை, சான்றிதழில் பெண், சடங்கு வைக்கக் காத்திருக்கும் தாய்மாமனுக்கும் பெண். உள்ளே மட்டும் குரோமோசோம், ஆண்களுக்கு வழக்கமாக இருக்கும் எக்ஸ்-ஒய். இங்கேதான் ஒரு விஷயத்தைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்-ஒய் என்றாலே ஆண் பலம் என்று அர்த்தமில்லை. சிலருக்கு உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும் சக்தியே உடம்புக்கு இருக்காது. ரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் தசைக்கு ஒரு பயனும் இல்லை. வேறு சிலருக்குப் பிறப்புறுப்பு பெண்ணைப் போலவே தெரியும், ஆனால் பருவம் வரும்போது உடம்பு அந்த ஹார்மோனை முழுதாக எடுத்துக்கொள்ளும். டீக்கடையில் பேசும்போது இந்த இரண்டு பேரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம்.

போட்டி நடத்தியவர்களும் வெகுகாலம் அதைத்தான் செய்தார்கள். 1966-இல் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன்னால் ஆடையில்லாமல் நிறுத்திப் பார்த்தார்கள். 1968-இலிருந்து ஒலிம்பிக்கில் குரோமோசோம் பார்த்தார்கள். 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு வேறு மாதிரி வந்தது. அதில் 7 பேர் அந்த ஹார்மோனை முழுதாகவோ ஓரளவோ ஏற்காத உடம்புக்காரர்கள். எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். இதில் பயனில்லை என்று 1999-இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லாருக்குமான சோதனையை நிறுத்தியது. சந்தேகம் வந்தால் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் என்பதைவிடப் பொல்லாத விதி கிடையாது. யார் மேல் சந்தேகம் வரும்? மீசை அரும்பிய பிள்ளை மேல், கட்டைக் குரல் பிள்ளை மேல்.

2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2 நிமிடம் 03.16 விநாடி. செங்கல் சூளையில் உழைத்த குடும்பம். ஓடி முடித்த பிறகு சோதனை, பதக்கம் பறிப்பு, எல்லாம் செய்தியில். ஒரு பெண்ணின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை நாடே டீ குடித்துக்கொண்டு பேசியது. கலைஞர் அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது, அதை வைத்து அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார் என்பதை மட்டும் ஆறுதலாகச் சொல்லலாம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 2:03-ஐ நம் மாநிலப் பள்ளிப் போட்டியில் பதினேழு வயதுப் பையன்கள் தாண்டிவிடுவார்கள். "ஆண் பலம்" என்று அன்றைக்குப் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

அதற்காக எதிர்த் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. 2016 ரியோவில் 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் செமன்யா, புருண்டியின் நியோன்சாபா, கென்யாவின் வம்புய் மூவரும் மேடை ஏறினார்கள். பின்னால் வந்த விதி மூவரையுமே தொட்டது. நான்காவதாக வந்த கனடாப் பெண்ணும் நான்கு வருஷம் உழைத்துத்தான் வந்தாள். அவளுக்கு வயிறு எரியக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2018-இல் உலகத் தடகளச் சங்கம் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை டெஸ்டோஸ்டிரோன் 5 நானோமோலைத் தாண்டக்கூடாது என்றது. 2019-இல் விளையாட்டுத் தீர்ப்பாயம், இது பாரபட்சம்தான், ஆனால் தேவையான பாரபட்சம் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. 2023-இல் எல்லாப் போட்டிக்கும் 2.5 என்று இறுக்கினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தரப் பந்தயம் ஓடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்.ஆர்.ஒய் மரபணுச் சோதனை. ஒய் குரோமோசோமில் இருந்து ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு அது. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சைத் தேய்த்து எடுத்தால் போதும். ஹார்மோனை அறவே ஏற்காத உடம்புக்காரருக்கு அதில் விலக்கு உண்டு. உயர்மட்டப் போட்டிக்கு ஒரு கோடு போடுவதை நான் அநியாயம் என்று சொல்லவில்லை. சந்தேகப்பட்டு ஒருத்தியை மட்டும் தனியே கூப்பிடுவதைவிட எல்லாருக்கும் பார்ப்பது மேல்.

ஆனால் முடிவு யார் கைக்கு, எப்போது, எப்படிப் போகிறது? என் கவலை அங்கேதான்.

ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு மாவட்டப் போட்டி. என் பள்ளிப் பிள்ளை 800 மீட்டரில் நாற்பது மீட்டர் முன்னால் வந்தாள். கிராப்பு வெட்டிய தலை, ஒடுங்கிய உடம்பு. கேலரியிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "ஏங்க டீச்சர், அது பொம்பளப் பிள்ளதானா? நல்லாப் பாத்தீகளா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளை தலை நிமிரவில்லை. பனியனில் குத்தியிருந்த நம்பர் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "டீச்சர், அடுத்த வாட்டி கொஞ்சம் மெதுவா ஓடவா?"

அவளை மருத்துவரிடம் காட்டினோமா, அவர் என்ன சொன்னார் என்று நேயர்களுக்குக் கேட்கத் தோன்றும். அது அவளுக்கும் அவள் ஆத்தாளுக்கும் தெரியும். வானொலியில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அவள் ஓடினாள், மெதுவாக ஓடவில்லை.

உலக விதிக்குள் நுழைவதற்காக உடம்பில் கத்தி வைக்கக் கொடுத்த பெண்களும் உண்டு. உகாண்டாவின் அனெட் நெகெசா 2012-இல் தனக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பின்னாளில் வெளியே பேசினார். உடம்பும் ஓட்டமும் இரண்டுமே போயின. நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலை மாற்றும் அறுவை கூடாது என்றது. அந்த வருஷமே தமிழக அரசு ஆணையும் போட்டது, உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. கைக்குழந்தைக்குக் கொடுத்த பாதுகாப்பு, பதினெட்டு வயதில் பதக்கத்துக்காகத் தவிக்கிற பிள்ளைக்கும் வேண்டாமா?

பதினாறு வயதாகியும் ஒரு பிள்ளை பெரியவளாகவில்லை என்றால், ஓட்டக்காரிக்கு அப்படித்தான் என்று விடாமல், பயிற்சி முகாமுக்குப் போகும் முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் மருத்துவரிடம் தாயோடு அனுப்புங்கள். சோதனை முடிவு அவள் கைக்கு, மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது வரட்டும். பயிற்சியாளர் தெரிந்துகொள்வது அவள் விருப்பம். குறுவட்டப் போட்டிக்கு உலக விதி எதுவும் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் பெண் என்று இருந்தால் ஓடலாம், அவ்வளவுதான். இந்த வருஷப் போட்டிகள் தொடங்கப்போகின்றன. கேலரியில் யாருக்காவது புகார் இருந்தால் எழுதி, போட்டி நடத்துகிறவரிடம் கொடுக்கட்டும். பிள்ளை காதில் விழவேண்டாம்.

நன்றி, வணக்கம்.